பதினேழாம் எண் வீட்டு ஜன்னல்

செக் நாட்டின் மொராவியாவில் எங்கள் ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றி நாற்பத்திரண்டு வீடுகள். ஒன்றின் சுவர்தான் அடுத்ததற்கும் சுவர். எதையும் தனியாக இடிக்க முடியாது. 1530-இல் மரவீடுகள் எரிந்து சாம்பலான பிறகு, இனிக் கல்லில்தான் கட்ட வேண்டும், முன்புறம் வளைவுத் தாழ்வாரம் விட வேண்டும் என்று அன்றைய பிரபு உத்தரவு போட்டார். அதனால் மழையிலும் நனையாமல் சதுக்கத்தைச் சுற்றி வந்துவிடலாம்.

பதினேழாம் எண் வீட்டின் உச்சி மாடியில் பூச்சு மேஸ்திரி பொகுமிலும் அவர் மனைவி விளாஸ்தாவும் இருந்தார்கள். கீழே பீர்க்கடை, நடுவில் ஒரு நோட்டரி. இடுப்பெலும்பு முறிந்தபின் விளாஸ்தாவால் அந்தச் சுழல்படியில் இறங்க முடியவில்லை. பின்பக்க ஜன்னலில் தெரிந்தது நிலக்கரிக் கொட்டகை மட்டும். நான்கு வருடமாக வெள்ளிக்கிழமைச் சந்தையும் கல்யாண ஊர்வலமும் அவளுக்குச் சுவருக்கு அப்பால் கேட்கும் சத்தம்தான்.

அந்த முன்சுவரில் ஒரு ஜன்னல் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் மட்டும்.

1958-இல் இருபத்திரண்டு வயது பொகுமில் அடைத்தது அது. முகப்புகள் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லியிருந்தது. திறப்பைச் செங்கல் வைத்து மூடி, கருஞ்சாந்து பூசி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு தடவி, ஈரம் காயுமுன் ஆணியால் சுரண்டிச் சட்டமும் கண்ணாடியும் வரைந்தார். பக்கத்து வீட்டுப் பழைய வேலையோடு அப்படியே பொருந்தியது. எங்கள் ஊரில் பூச்சு வேலைக்காரர் சுவரில் பெயர் போடும் வழக்கம் இல்லை.

இப்போது விளாஸ்தாவுக்காக அதைத் திறக்கப் பொகுமில் அனுமதி கேட்டபோது, புராதனக் கட்டடங்களைக் கவனிக்கும் அதிகாரி மரெச்கோவா நேரில் வந்தார்.

"இது பதினாறாம் நூற்றாண்டு வேலை, மேஸ்திரி. பேராசிரியருங்க எழுதியே வச்சிட்டாங்க."

"அவங்களுக்கு என்னம்மா தெரியும்? இடது ஓரம் கோணலா இருக்கு பாருங்க. அன்னிக்கு மத்தியானம் ரெண்டு பீர் உள்ள போயிருந்தது. நான் பண்ணின வேலைதான்."

"அத்தாட்சி இருக்கா?"

"சாந்தைச் சுரண்டிப் பாருங்க. அவசரத்துல ஒரு பிடி சிமெண்ட் போட்டேன்."

இரண்டு மாதம் கழித்துச் சோதனை முடிவோடு மரெச்கோவா படியேறி வந்தார்.

"நீங்க சொன்னது நிஜம்தான். சிமெண்ட் இருக்கு."

பொகுமில் சுத்தியலை எடுக்கவே எழுந்துவிட்டார்.

"உக்காருங்க, மேஸ்திரி. அம்பது வருஷம் தாண்டிடுச்சே. இப்ப அதுவும் பழமைதான். உங்க பேரைப் போட்டே பதிஞ்சிட்டோம். இனி யாரும் கை வைக்க முடியாது."

அதிகாரி இறங்கிப் போகும்வரை பொறுத்திருந்த விளாஸ்தா கேட்டாள்: "ஏன்யா கிழவா, நீ பூசின சுவரு எத்தனை உதிர்ந்து விழுந்திருக்கு! இதை மட்டும் ஏன் இவ்வளவு ஒழுங்கா பண்ணித் தொலைச்ச?"



அடுத்த மே மாதம் அந்தச் சுவரில் விரிசல் கண்டது. சுரண்டி வரையத் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான். சரிசெய்ய அவர் முடியாது என்றால் வெளியூர் ஆட்கள் வந்து எப்படியும் பூசிவிடுவார்கள், கோடும் கெட்டுப்போகும். எழுபத்து நான்கு வயதில் சாரம் ஏறினார். கீழே சந்தை நடந்துகொண்டிருந்தது. சட்டத்தின் மேல்கோட்டைச் சுரண்டும்போது உள்ளேயிருந்து சுவரைத் தட்டும் ஓசை கேட்டது. ஒருமுறை. பிறகு இரண்டு முறை.

அவர் ஆணியை நிறுத்தினார். சுண்ணாம்பு காய்ந்துகொண்டிருந்தது, காய்ந்துவிட்டால் கோடு பிசிறடிக்கும். மறுபடி சுரண்டத் தொடங்கினார்.