பந்துப்பூத் தட்டில் நின்ற தண்ணீர்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கோத்தகிரிப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் சம்பளப் புத்தகத்தில் கையெழுத்தும், எப்போதாவது நாலு வரிக் கடிதமும்தான். முன்னால் சொல்ல வேண்டியது பின்னால் வரும். சிலது மறந்தும் போய்விடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாயால் சொல்லக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

மகள் செல்வியோடு இருக்க நான் மலேசியாவில் கிள்ளானுக்கு வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. அவள் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். காலையில் ரயிலேறிப் போனால் இருட்டும் நேரம்தான் வருவாள். எங்களுடையது வரிசை வீடு. முன்னால் கார் நிறுத்தச் சிமெண்டுத் தரை, அதன் ஓரமாக ஒரு முழ அகலத்துக்கு மண். வந்த வருடம் சீனர்களின் புத்தாண்டுப் பெருநாள் முடிந்து ஒரு வாரமிருக்கும். காலையில் கேட்டருகே நின்றபோது எதிர்வீட்டுக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு செடி இருந்தது. எங்கள் ஊர்ப் பந்துப்பூ. இங்கே ஹைட்ரேஞ்சா என்கிறார்கள். இரண்டு பூ காய்ந்திருந்தது, மூன்றாவது அப்போதுதான் விரிந்திருந்தது. தொட்டியைச் சுற்றித் தங்கக் காகிதம், சிவப்பு நாடா. யாரோ காரில் ஏற்றத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். யாரும் வரவில்லை. குப்பை லோரிதான் வந்தது. உயிரோடு இருக்கிற செடியை, பூவும் வேருமாகவா தூக்கிப் போடுவார்கள்? தனியாகத் தெருவில் இறங்கவே கூச்சப்படுகிறவள், அன்றைக்கு வீட்டுச் செருப்போடு ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பக்கத்து வீட்டுப் பார்வதி கம்பிவேலி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். இந்த நாட்டிலேயே பிறந்தவள், அவளுடைய பாட்டன் காலத்தில் ரப்பர் வெட்ட வந்த குடும்பம். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்துவிட்டாள். இந்தத் தெருவில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

"அக்கா, குப்பைய எங்க தூக்கிட்டு ஓடுறீங்க?"

"குப்பையா? உசுரோட இருக்கு பார்வதி. வேர் இருக்கு. இந்தா பாரு, மொட்டுகூட இருக்கு."

"அது செடி இல்லக்கா, டெக்கரேஷன். கேமரன் மலையிலேர்ந்து லோரியில வரும், பெருநாளைக்கு வெப்பாங்க, வாடுனா வீசிருவாங்க. இந்த வெயிலுக்கு நிக்காது லா."

"நான் நிக்க வைக்கிறேன்."

"நீங்களே நிக்க மாட்டேங்கிறீங்க. மத்தியானமானா ஃபேனுக்குக் கீழ படுத்துக்கிறீங்க, நீங்க செடிய நிக்க வெக்கப் போறீங்களா?"

எங்கள் பக்கத்தில் பந்துப்பூவை யாரும் தூக்கிப் போடவும் மாட்டார்கள், தூக்கி வைத்துக் கொஞ்சவும் மாட்டார்கள். அது வேலிச் செடி. எஸ்டேட் பங்களாத் தோட்டத்தில் நான் இருபத்தெட்டு வருடம் கூலிக்கு இருந்தேன். பங்களா ரோட்டின் இரண்டு பக்கமும் அதுதான், நீலமாக, ஆள் உயரத்துக்கு. அழகு என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. மழைக்காலத்தில் அதற்கு நடுவே புகுந்து வேலை செய்தால் முழங்கைவரை நனைந்துவிடும், பனியில் விரல் வெடித்துச் சீழ் வைக்கும். பூ முடிந்ததும் தலையை மட்டும், அதற்குக் கீழே இருக்கிற தடித்த மொட்டுக்கு மேலாக வெட்ட வேண்டும். ஒரு சாண் இறக்கி வெட்டிவிட்டால் அடுத்த வருடம் வெறும் இலைதான். அப்படி வெட்டிவிட்டு மேஸ்திரியிடம் நான் வாங்கிய பேச்சு இப்போதும் காதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். இந்த ஊரில் எனக்குப் பஸ் ஏறத் தெரியாது, கடையில் பேசத் தெரியாது, செல்வியின் அடுப்பைப் பற்றவைக்கக்கூடப் பயம். அந்தச் செடியைத் தொட்டதும் என் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது.

அடுத்த பெருநாளுக்கப்புறம் தெருவில் இன்னும் ஐந்து பொறுக்கினேன். செல்விக்கு அவமானமாக இருந்திருக்கும், ஆனாலும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் பார்வதியையும் சுங்கை பூலோவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ரோட்டோரம் முழுக்க நர்சரிகள். ஒரு சீனக் கடைக்காரர் முழங்கால் உயரத்துக்குமேல் வளராத குட்டை ரகம் ஒன்றைக் காட்டினார். "ஆன்டி, இது ஹார்டி," என்றார். வெயில் தாங்குமா என்று கேட்கச் சொன்னேன். பார்வதி கேட்டாள். "ஸ்னோ கூட தாங்கும்," என்றார். நான் மறுபடியும் வெயிலைக் காட்டிக் கேட்டேன். அவரும் மேலே பார்த்துவிட்டு, "ஸ்னோ நோ ப்ராப்ளம்," என்றார். பார்வதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வாங்குங்கக்கா. கிள்ளான்ல ஸ்னோ கொட்டுனா எல்லாரும் செத்துருவோம், உங்க செடி மட்டும் தப்பிச்சிரும்!" இரண்டு வாங்கினோம். எல்லாத் தொட்டிக்கும் அடியில் வைக்க அகலமான பிளாஸ்டிக் தட்டுகளும் வாங்கினோம். தட்டு வேண்டுமென்று கேட்டது நான்தான்.

எட்டுத் தொட்டியையும் காலை வெயில் மட்டும் படுகிற சுவரோரம் வைத்தேன். மேலே பச்சை வலை, மண்ணுக்கு மேல் தேங்காய் நார். இலை நன்றாக வந்தது. ஆனால் மத்தியானம் ஆனால் போதும், நனைந்த துணி மாதிரி எல்லாம் தொங்கிவிடும். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிவிடுவேன். சாயங்காலம் இலையெல்லாம் நிமிர்ந்துவிடும். தண்ணீர்தான் காப்பாற்றியது என்று நினைப்பேன். மண் ஈரமாக இருந்தாலும் வெயிலில் அது தொங்கத்தான் செய்யும், வெயில் இறங்கினால் தானே நிமிரும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. மலையில் அது தொங்கி நான் பார்த்ததே கிடையாது.

பார்வதி ஒருதரம் சொன்னாள். "தட்டுல தண்ணி நிக்க விடாதீங்கக்கா, கொசு வரும்." நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொசு சாக்கடையில் பிறப்பது என்றுதான் என் எண்ணம். நான் ஊற்றுவது குழாய்த் தண்ணீர், அதையும் ஒருநாள் வாளியில் வைத்து மருந்து வாடை போனபிறகுதான் ஊற்றுவேன். நான் இருந்த எஸ்டேட் லைன் வீடுகளில் அந்தக் காலத்தில் கொசுவலை என்று ஒன்று யாரிடமும் கிடையாது. அட்டைக்குப் பயப்படுவோம், குளிருக்குப் பயப்படுவோம். நிற்கிற தண்ணீருக்கு யாரும் பயந்ததில்லை.

இனிமேல் எழுதப் போவதுதான் எனக்கு வெட்கமானது. ஒருநாள் காலையில் தட்டில் சின்னச் சின்னதாக ஏதோ நெளிந்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும், என் நிழல் பட்டால் துள்ளித் துள்ளி அடியில் போய்விடும். பங்களாவில் தாமரைத் தொட்டி ஒன்று இருந்தது, அதில் தவளைக்குஞ்சுகள் திரியும். இதுவும் இந்த நாட்டுத் தவளைக்குஞ்சு போலிருக்கிறது, பொடிசாக இருக்கிறது என்று நினைத்தேன். அவை சிதறாதபடி தண்ணீரை ஓரமாக, மெதுவாக ஊற்றினேன். ஒருநாள் மறந்துபோய்த் தட்டு காய்ந்து கொஞ்சம் செத்துக் கிடந்தன. மனசு கேட்கவில்லை. அதற்கப்புறம் எந்தத் தட்டையும் காயவிடவில்லை. பகலெல்லாம் பேச ஆளில்லாத வீடு. குனிந்து, "என்ன, எழுந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பேன்.

பிறகு பார்வதிக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் வேலியருகே வந்து, கண்ணுக்குப் பின்னால் யாரோ இடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். மூன்றாம் நாள் அவள் மகன் காரில் தூக்கி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். "டிங்கி, ஆன்டி," என்று கேட்டில் நின்றபடி சொல்லிவிட்டுப் போனான். டெங்குவைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள்.

மறுநாளே சுகாதார ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். தலையில் துணி கட்டிய ஒரு மலாய்ப் பெண், கூட ஒரு ஆண். செல்வி வேலைக்குப் போயிருந்தாள். அந்தப் பெண் ஏதோ கேட்டாள். எனக்குப் புரிந்தது ஆயேர் என்ற ஒரு சொல்தான். தண்ணீர். பாவம், தாகம் போலிருக்கிறது என்று உள்ளே போய் இரண்டு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அவள் சிரித்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டி, செடிகளைக் காட்டினாள். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. செடியைப் பார்க்க ஆசைப்படுகிறாள்! கிளாஸை மதில்மேல் வைத்துவிட்டு, நானாகவே இலையை ஒதுக்கி, தட்டைக் காட்டி, "இதையும் பாரும்மா," என்றேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே போனது. அந்த ஆள் டார்ச் அடித்தான், அவள் வெள்ளைக் கரண்டியால் தண்ணீரை மொண்டாள். ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார்கள். எட்டில் ஐந்தில் அவை இருந்தன. அந்தப் பெண் செல்வியின் நம்பரைக் கேட்டு வாங்கி, பேசிவிட்டு போனை என்னிடம் கொடுத்தாள். தவளைக்குஞ்சுதானே செல்வி என்றேன்.

"அம்மா, அது தவளை இல்லம்மா. கொசுப்புழு. டெங்கு கொசு."

"நான் சாக்கடைத் தண்ணியா ஊத்துனேன்? நல்ல தண்ணி செல்வி."

"நல்ல தண்ணியிலதாம்மா அது வரும்."

அவர்கள் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சூடான சிமெண்டுத் தரையில் கவிழ்த்தார்கள். அவை துள்ளின, பிறகு துள்ளவில்லை. செல்வி பேருக்கு ஒரு அபராதச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். மதில்மேல் அந்த இரண்டு கிளாஸ் தண்ணீர் அப்படியே இருந்தது. சாயங்காலம் கொசுப் புகை அடிக்க வந்தபோது தெருவே ரோட்டில் வந்து நின்றது. நான் கடைசி ஆளாக வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் செல்வியின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

பார்வதிக்கு இரத்தத்தில் ஏதோ அணு குறைந்துகொண்டே போகிறது, ஈறில் இரத்தம் வருகிறது என்றார்கள். அவள் மகன் பப்பாளி இலையை அரைத்து எடுத்துப் போனான். யாரோ நண்டு சூப் நல்லது என்றார்கள், செல்வி வைத்துக் கொடுத்தாள். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஒரு மனுஷியை நான் கொன்றுவிட்டேனா என்று மட்டும்தான் மனசில் ஓடியது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. மூன்றாம் நாள் செல்வியிடம், என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ, நானே சொல்ல வேண்டும் என்றேன்.

பார்வதி முகம் வீங்கி, கையில் ஊசியோடு கிடந்தாள்.

"பார்வதி, என் தட்டுலதான் புழு இருந்துச்சு. தெரியாம நான்தான் வளத்திருக்கேன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "மவன் சொன்னான்," என்றாள். பிறகு, "வளத்தீங்களா? பேரு வெச்சீங்களா?" என்றாள்.

நான் அழுதுவிட்டேன்.

"அழாதீங்கக்கா, தலை வலிக்குது. சாவலேன்னா வீட்டுக்கு வந்து ஏசுறேன். இப்ப ஏச எனக்குத் தெம்பு இல்ல."

அவள் சாகவில்லை. பத்து நாளில் வீட்டுக்கு வந்தாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, ஒரு மாதம் வேலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் ஏசவே இல்லை. தினம் காலையில், "அக்கா, தண்ணி கொட்டியாச்சா?" என்று மட்டும் கேட்கிறாள். சிரித்துக்கொண்டுதான் கேட்கிறாள். அதில் எவ்வளவு விளையாட்டு, எவ்வளவு கோபம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. செடிகளைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று செல்வியிடம் நானே சொன்னேன். பார்வதிதான் வேண்டாமென்றாள். தட்டை எடுத்துவிட்டு, தொட்டிகளை உடைந்த செங்கல்மேல் வைத்திருக்கிறேன். தட்டில்லாமலே நன்றாக இருக்கின்றன. அந்தத் தண்ணீர் அவற்றுக்குத் தேவையாகவே இருந்ததில்லை. ஒரு குட்டை ரகத்தில் எலுமிச்சை அளவு ஒரு பூ, பச்சையும் ரோஸுமாக வந்தது. அதைப் பார்த்து என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

இந்த வருடம் இரண்டு வாரம் ஊருக்குப் போய்வந்தேன். தங்கை ராஜம்மாள் வீட்டில் தங்கினேன். போன மறுநாள் காலையில் எழுந்ததும், முற்றத்தில் இருந்த வாளி, குண்டான், நாய் குடிக்கிற சட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டேன். கை தானாகச் செய்தது. ராஜம்மாள் ஓடிவந்தாள். "ஏங்கா, உனக்குப் பைத்தியமா? நாலு நாளைக்கு ஒருதரம்தான் தண்ணி விடுறான், பிடிச்சு வெச்சதையெல்லாம் கொட்டிட்டியே! மலேசியாவுல குழாயத் தொறந்தா ஊத்துதுன்னா இங்கயும் அப்படியா?" அங்கே தண்ணீரைத் தேக்கி வைத்துக் கெடுத்தவள், இங்கே கொட்டிக் கெடுத்தேன். அன்று சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது கையில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. எங்கள் கோத்தகிரியில்! அடிக்கவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்ப ரெண்டு மூணு வருசமா வருதுக்கா," என்றாள் ராஜம்மாள், ஏதோ புது பஸ் வருகிற மாதிரி. மழை பிடித்துக்கொண்டது. வாசலில் இருக்கும் பந்துப்பூவின் தலையெல்லாம் தண்ணீர் ஏந்திக் கனத்தது. நான் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு பூவாகச் சாய்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டு போனேன். வரிசைக் கடைசிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் முதல் பூ மறுபடியும் நிறைந்திருந்தது.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். செடியைப் பற்றிச் சொன்னதும், அந்தப் புழுவைப் பற்றிச் சொன்னதும் சரிதானா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். இன்னும் ஒன்று இருக்கிறது. செல்வியிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள், பார்வதியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கொசு எவ்வளவு தூரம் பறக்கும் என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். என் கடைசித் தொட்டியிலிருந்து, வேலிக்கு அந்தப் பக்கம் பார்வதி தினம் உட்காரும் நாற்காலிக்கு என் காலடியில் பதினோரு அடி. இரண்டு தரம் அளந்துவிட்டேன்.