மல்லாந்த மீனும் மூன்று ஷிப்டு சாப்பாடும்

கலர் மீன் கடை வைத்திருப்பவளுக்கு மீனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் போதும். எந்நேரமும் எதையாவது ஊட்டிவிடத் துடிக்கிற மனிதக் கையைப் பற்றித்தான் நிறையத் தெரிந்திருக்க வேண்டும். திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் பன்னிரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். உள்ளே வந்து வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்கிறவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். மீன் தலைகீழாக மிதக்கிறது என்று வருகிறவர்களிடம் "சாப்பாடு போடாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் என்னைக் கொலைகாரியைப் போலப் பார்ப்பதைத் தாங்குவதுதான் கஷ்டம். கோல்டு ஃபிஷ் வளர்த்து நொந்துபோன அன்பர்களே, உங்களுக்கு இது புரியும்.

பெயிண்ட் வாளியில் வந்த லட்டு

தீபாவளி முடிந்த வாரம், ஃபேக்டரி யூனிஃபார்மோடு ஒருவர் கடைக்குள் வந்தார். கையில் மூடியில்லாத பெயிண்ட் வாளி. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஷேர் ஆட்டோவில் அதைத் தளும்பாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். எட்டிப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் பருமனில் ஒரு கோல்டு ஃபிஷ் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். விரலால் தண்ணீரைத் தொட்டதும் வாலை அடித்துக்கொண்டு கீழே போனது. போன வேகத்தில் திரும்பி மேலே வந்து மறுபடி மல்லாந்தது.

வந்தவர் பெயர் செல்லதுரை. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், ஃபேக்டரியில் கிரேன் ஓட்டுகிறார். மனைவி தவறி நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள் மெர்சி. கோயம்புத்தூரில் நர்சிங் சீட் கிடைத்தும், அப்பாவைத் தனியாக விட்டுப் போக மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு கிளம்பினாள். அவள் ஆசையாக வளர்த்த லட்டு என்கிற இந்த மீனைக் கிறிஸ்துமஸ் வரைக்கும் அப்பா நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால், தன்னையும் பார்த்துக்கொள்வார் என்று நம்பி மேற்கொண்டு படிப்பாள். இல்லையென்றால் லீவுக்கு வந்தவள் திரும்பிப் போக மாட்டாள்.

போன வருஷம் அவளுக்கு லட்டுவை விற்றவள் நான்தான். கூடவே மிதக்கிற உருண்டைத் தீனி ஒரு டப்பாவும் விற்றேன். இந்த வியாதி வந்த சில மீன்கள் தேறுவதே இல்லை என்ற உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. சொல்ல வாய் வரவில்லை. பார்க்கலாம் அண்ணாச்சி என்றேன். அவர் வாளியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "லட்டு மல்லாந்துட்டுன்னா எம் பிள்ள படிப்பும் மல்லாந்துரும்மா."

மருந்துச் சீட்டு

எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னேன். இந்தக் குண்டு உடம்பு மீன், மிதக்கிற தீனியைக் கவ்வும்போது காற்றையும் சேர்த்து விழுங்கும். தீனியும் அதிகமாகிவிட்டால் வயிறு உப்பிவிடும். மீனை நிலையாக நிறுத்துகிற காற்றுப் பை வயிற்றை ஒட்டித்தான் இருக்கிறது. உப்பின வயிறு அதை நெருக்கினால் மீனுக்கு மேல் எது, கீழ் எது என்று பிடிபடாது. அதனால் மூன்று நாள் சுத்தப் பட்டினி. பழைய தண்ணீரில் கால்வாசியை எடுத்துவிட்டு, ஒருநாள் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்ற வேண்டும். மீன் மேலும் கீழும் அலைந்து களைக்காமல் இருக்கத் தொட்டியில் ஒரு சாண் உயரத்துக்குத்தான் தண்ணீர் நிற்க வேண்டும்.

அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், பட்டினிக்கு மட்டும் ஆட்டவில்லை. கடை வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, சவாரி வரும்வரைக்கும் என் மீன்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் மணிக்கும் மனசு கேட்கவில்லை. "இன்னாக்கா, முடியாம கீற ஜீவனுக்குச் சோறு போடாதன்றியே?" என்று சண்டைக்கு வந்தான். இது தண்டனை இல்லைடா, வைத்தியம் என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை: "ஆஸ்பத்திரிலயே பாலு, பன்னு குட்துட்டுத்தான்க்கா ஊசி போட்றாங்க."

தாளித்த பட்டாணி

நாலாம் நாள் அண்ணாச்சி போன் செய்தார். லட்டு அப்படியேதான் மிதக்கிறது என்றார். அடுத்த மருந்தைச் சொன்னேன். ஒரே ஒரு பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோலை உரித்து, உள்ளே இருப்பதைக் கடுகளவு கிள்ளிப் போட வேண்டும். வயிறு இளகும். தனக்கு ஷிப்டு இருப்பதால் எதிர்வீட்டுக் கமலா அக்காவிடம் பொறுப்பை விடுவதாகச் சொன்னார்.

கமலா அக்காவின் வீட்டுக்காரருக்கும் அதே ஃபேக்டரிதான், ஊர் கும்பகோணம் பக்கம். மறுநாள் காலையில் அந்த அக்கா ஒரு எவர்சில்வர் டப்பாவோடு கடைக்கே வந்துவிட்டார், பதம் சரியா என்று எனக்குக் காட்டிக்கொண்டு போக. மூடியைத் திறந்ததும் கடையெல்லாம் பெருங்காயம் மணத்தது. காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, மேலே பொடியாகத் துருவிய தேங்காய். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மீனுக்குத் தாளிக்கக் கூடாது அக்கா என்றேன், முடிந்த அளவு மெதுவாக. அந்த அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது: "வெறும் பட்டாணிய எப்படிம்மா வாய் வெச்சுத் திங்கும், அதுவும் தாயில்லாப் பொண்ணு வளத்த மீனு?"

அந்தச் சுண்டலை நானும் மணியும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

மூன்று ஷிப்டு

தாளிக்காத பட்டாணி கொடுத்தும் ஒரு வாரத்தில் மாற்றம் இல்லை. மறுபடி மூன்று நாள் பட்டினி போடச் சொன்னேன். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மணியின் ஆட்டோவிலேயே குவார்ட்டர்ஸுக்குப் போனேன். தொட்டியைச் சுத்தமாகத்தான் வைத்திருந்தார் அண்ணாச்சி. தண்ணீர் சரியாக ஒரு சாண். ஆனால் லட்டுவின் பின்னால் நூல் நூலாகக் கழிவு தொங்கியது. மூன்று நாள் பட்டினி கிடந்த மீன் இப்படிக் கழியாது. மூலையில் கூழாங்கல்லுக்கு நடுவில் ஊறிப்போன தீனி உருண்டைகள் நாலு கிடந்தன.

அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். எதிர்வீட்டிலிருந்து கமலா அக்காவையும் கூப்பிட்டு விசாரித்ததும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. காலை ஷிப்டுக்குக் கிளம்புமுன் லட்டு பார்க்கப் பார்க்கத் தனியாக டீ குடிக்க முடியாமல் இவர் கொஞ்சம் போட்டிருக்கிறார். மத்தியானம் தன்னிடம் கொடுத்திருந்த சாவியால் திறந்து வீடு பெருக்க வந்த கமலா அக்கா, ஒரு கிள்ளுதானே என்று போட்டிருக்கிறார். சாயங்காலம் பொது ஷிப்டு முடிந்து வருகிற பாஷா ஒருவர் உண்டு. அண்ணாச்சியோடு வேலை பார்க்கிறவர், இன்னொரு சாவி அவரிடம்தான் இருக்கும். லீவு நாள் என்று அன்றைக்கு அங்கேதான் உட்கார்ந்திருந்தார், அவரும் போட்டிருக்கிறார். ஒருவர் போடுவது மற்றவருக்குத் தெரியாது. லட்டு பட்டினி கிடந்ததே இல்லை. நோய்க்கு முன்னால் மூன்று வேளை தின்றது, நோய் வந்த பிறகும் மூன்று வேளை தின்றுகொண்டிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உங்கள் பாசத்தாலேயே அதைக் கொன்றுவிடுவீர்கள் என்று சத்தம் போட்டுவிட்டேன். அண்ணாச்சியும் கமலா அக்காவும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாஷா மட்டும் நியாயம் கேட்டார்: "இவங்க ரெண்டு பேரும் பட்டினி போடுறாங்கன்னு சொன்னாங்க, பாவமா இருந்துச்சு, அதனாலதான்க்கா நான் போட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை போன்

நான் கத்தி முடிக்கவும் மெர்சியிடமிருந்து வீடியோ கால் வரவும் சரியாக இருந்தது. மணியையும் சேர்த்து மற்ற நாலு பேரும் கப்சிப். அண்ணாச்சி மகளிடம் நலம் விசாரித்தார், சாப்பிட்டாயா என்று மூன்று தடவை கேட்டார். லட்டுவைக் காட்டுங்கள் என்றாள் அவள். நான் தவித்துப்போனேன். அவர் பதறவே இல்லை. போனைத் தொட்டிக் கண்ணாடிக்கு ஒட்டினாற்போலக் கொண்டுபோய், அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். திரையில் மல்லாந்த மீன் குப்புறத் திரும்பி ஒழுங்காக நின்றது.

இரண்டு வாரமாக இப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தாராம். அவர் போனைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு ஏர் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் மெர்சி நிதானமாகக் கேட்டாள்: "அப்பா, குமிழி ஏன் கீழ போகுது?"

மணியின் யோசனை

பம்பு புது மாடல் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அண்ணாச்சி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கமலா அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மணிதான் பேசினான். "அண்ணாத்தே, அக்கா கடைல இதே கலரு, இதே சைஸு நாலு கீது. ஒண்ணத் தூக்கியாந்து உட்டா மேட்டர் ஓவர்" என்றான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்தச் சபலம் வந்தது. ஒரு படிப்பைக் காப்பாற்ற ஒரு மீனை மாற்றினால் என்ன குற்றம் என்று தோன்றியது. அண்ணாச்சி தொட்டிப் பக்கம் திரும்பிச் சொன்னார்: "மீன மாத்திரலாம்யா, எம் மூஞ்சிய எங்க கொண்டுபோய் மாத்துதது?"

டோக்கன்

வழியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஃபேக்டரியில் டூல் ரூமுக்குப் போய் ஒரு சாமான் வாங்கினால் உங்கள் டோக்கனை அங்கே ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும். ஆணியைப் பார்த்தாலே சாமான் யார் கையில் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அண்ணாச்சி ஒரு பழைய டின் மூடியை வட்டமாக வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவி, ஓட்டை போட்டு, தொட்டிக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். தீனி போடுகிறவர் அந்த டோக்கனைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். மறுநாள் காலையில்தான் திரும்ப மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் லட்டு சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். முதல் மூன்று நாள் பட்டினி என்பதால் டோக்கன் பீரோவுக்குள் இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. ஃபேக்டரிக்காரர்கள் என் பேச்சை மீறுவார்கள், டோக்கனை மீற மாட்டார்கள்.

மிதக்கிற தீனியை நான் திரும்ப வாங்கிக்கொண்டு, அமிழ்ந்துபோகிற தீனி கொடுத்தேன். தண்ணீரில் ஊறவைத்து, ஒரு நாளைக்கு நாலே நாலு உருண்டை. பத்தாம் நாள் லட்டு பக்கவாட்டில் திரும்பியது. மூன்றாவது வாரம் குப்புற வந்தது. முழுசாகத் தேறவில்லை. வால் கொஞ்சம் தூக்கி, இடது பக்கம் சாய்ந்துதான் நீந்தியது. இனி அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குள் நேராகிவிடுமா என்று அண்ணாச்சி கேட்டபோது, ஆகாது என்று இந்தத் தடவை சொல்லிவிட்டேன். அவர் வாடிப்போனதைப் பார்த்து மணி தோளில் தட்டினான்: "நம்ம ஆட்டோகூட எடது பக்கம் சாஞ்சிகினுதான் ஓடுது அண்ணாத்தே, ஆர்டிஓ ஆபீஸ்ல எஃப்சி குட்துட்டான்ல?"

மெர்சி

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் மெர்சி கடைக்கு வந்தாள். போன வருஷம் லட்டுவை வாங்கிப்போன அதே ஒல்லியான பெண், கண்ணாடி போட்டிருந்தாள். என்ன கேட்பாளோ என்று நான் கைவேலையை விட்டுவிட்டு நின்றேன். அன்றைக்குக் குமிழியைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். செத்திருந்தால் அப்பா போனைத் தலைகீழாகப் பிடித்திருக்க மாட்டார், உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தது, அது போதும் என்றாள். தனியாகக் கிடப்பாரே என்றுதான் அக்கா பயந்தேன், வந்து பார்த்தால் ஒரு மீனுக்குச் சோறு போட மூன்று பேர் டோக்கன் போட்டு நிற்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

பத்து நாள் லீவு முடிந்து கோவைக்குக் கிளம்புகிற அன்று மறுபடி வந்தாள். அண்ணாச்சி அவள் பெட்டியோடு மணியின் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு பை நிறைய முறுக்கு, கமலா அக்கா கொடுத்தது. அவருக்குக் கேட்காதபடி மெர்சி என்னிடம் குனிந்து சொன்னாள்: "அப்பா, கமலா அத்தை, பாஷா மாமா மூணு பேரும் தினமும் தனித்தனியா போன் பண்ணி சாப்டியான்னு கேக்குறாங்கக்கா, அதுக்கும் ஒரு டோக்கன் வெட்டிக் குடுக்கச் சொல்லுங்களேன்."

இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பட்டினியால் செத்த மீன் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை என்பதால், இப்போதெல்லாம் என் கடையில் தீனி டப்பா வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஓட்டை போட்ட தகர டோக்கன் ஒன்று இலவசம்.