ரீசன் டு கம்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் நான் பேச்சு ஆங்கிலம் கற்பித்தபோது, ஓட்டலில் அறை துடைக்கும் ஒரு தமிழ்ப் பெண்மணி வகுப்புக்கு வருவார். ஐம்பது வயதிருக்கும். சோப்புத் தண்ணீரில் வெளுத்துப்போன விரல்கள்.

நான் ஒரு பெயர்ச்சொல் கொடுப்பேன். அதோடு 'டு' சேர்த்து, எளிய வினை ஒன்றால் முடிக்க வேண்டும். மற்றவர்கள் போக, தின்ன, வாங்க என்று முடித்தார்கள். இவருக்கு எல்லாமே 'கம்'தான். டைம் டு கம், சான்ஸ் டு கம், ரீசன் டு கம். சொல்லும்போது மடியிலிருந்த கைபேசியைத் தொட்டுக்கொள்வார்.

"சேச்சிக்கு வேற ஒண்ணும் கிட்டலையா?" என்று ஆட்டோ ஓட்டும் பாலக்காட்டுத் தமிழர் சீண்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இனிமே 'கம்' வேண்டாம்," என்றேன்.

அவர் சற்று யோசித்தார். "ரூம் டு ஸ்லீப். ஃபிஷ் டு ஈட்," என்று நிதானமாகச் சொன்னார். பிறகு, அங்கே ஆசிரியரை அழைக்கும் விதத்தில் என்னை அழைத்துக் கேட்டார்: "மகன் வெளிநாட்டுல இருக்கான் மாஷே. ஃபோனை மருமகதான் எடுக்கறா. அவளுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். இப்படிச் சொன்னா அவனை அனுப்பி வைப்பாளா?"

"கிராமர் சரியா இருக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த பெயர்ச்சொல்லுக்குப் போனேன்.

மறு வாரம் அவர் வரவில்லை. பிறகும் வரவில்லை. மகன் வந்துவிட்டான், அதனால்தான் வகுப்பு தேவைப்படவில்லை என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் அவர் கேட்டது இலக்கணம் அல்ல என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். அனுப்புவாள் என்று நான் சொல்லியிருக்கலாம்.