பதினேழாவது கிணறு

ஓய்வுபெற்ற ஆறாவது வருடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்த எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். மொத்தம் இருபத்துமூன்று பேர். என்னை விட்டுவிட்டால் வகுப்பின் சராசரி வயது இருபது. என்னைச் சேர்த்தால் கிட்டத்தட்ட இருபத்திரண்டு. முதல் நாள் பாடத்தைக் கவனிக்காமல் இதைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பயிற்சி, இணையக் கலைக்களஞ்சியத்தில் அவரவர் ஊர்ப் பக்கத்தில் ஒரு பத்தி சேர்ப்பது. அதில் யாரும் எழுதலாம், யாரும் நீக்கலாம். எழுதியது பதினைந்து நாள் நிற்க வேண்டும். நின்றால் சான்றிதழ், நீக்கப்பட்டால் இல்லை. நானோ சான்றிதழ் வாங்கப்போவதாக அதற்குள் ஒன்பது உறவினர்களிடம் சொல்லியிருந்தேன்.

எங்கள் ஊர் ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அதன் பக்கத்தில் மாவட்டமும் அஞ்சல் எண்ணும் தவிர ஒன்றுமில்லை. முப்பத்தொரு வருடம் சர்வேயராக இருந்தவனுக்கு வேறென்ன எழுத வரும்? தொழிற்சாலைகளுக்குப் போனது போக மீதமிருந்த நிலங்களில் நான்கு நாள் நடந்து பாசனக் கிணறுகளை எண்ணினேன். பதினேழு. அழகாக ஒரு பத்தி எழுதி ஏற்றினேன். நாற்பது நிமிடத்தில் அது காணாமல் போனது.

நீக்கியவர் புனைபெயரில் உலவும் ஒரு பயனர். “சான்று இல்லை. சொந்தமாக எண்ணியது ஏற்கப்படாது” என்று குறிப்பு வைத்திருந்தார். என் பணி அனுபவத்தைப் பதினோரு வரியில் விளக்கினேன். “அச்சில் வந்திருக்கிறதா?” என்று ஒரே வரியில் பதில் வந்தது.

வந்தால் போயிற்று. எங்கள் அம்மன் கோயில் ஆடித் திருவிழா நோட்டீஸுக்கு வருடாவருடம் பிழை பார்ப்பவன் நான்தான். அதில் ‘ஊர்ச் சிறப்பு’ என்று நான்கு வரி இருக்கும். ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தேன்: பதினேழு கிணறுகள் பாயும் பூமி. எண்ணூறு பிரதி அச்சானது. அந்த நோட்டீஸைச் சான்றாகக் காட்டிப் பத்தியை மறுபடி ஏற்றினேன். இம்முறை அந்தப் பயனர் வாய் திறக்கவில்லை. தினம் மூன்று தடவை கணினியைத் திறந்து, பத்தி இருக்கிறதா என்று பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள், என் மனைவி நோட்டீஸைக் கையில் எடுத்தாள்.

“பதினேழா? எங்க, சொல்லுங்க பாப்போம்.”

பட்டியலை வாசித்தேன். ஒன்பதாவதில் நிறுத்தினாள்.

“அண்ணங்காரன் கெணறு ஒண்ணு, தம்பிக்காரன் கெணறு ஒண்ணா? அது ஒரே கெணறுங்க. பாகம் பிரிச்சப்போ ரெண்டு பேருக்கும் பொதுவா வுட்டாங்க. இதைப் போய் ரெண்டுன்னு எழுதிக்கினு வந்துக்கிறீங்களே! சர்வேயராம் சர்வேயரு.”

உண்மைதான். அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை இல்லாததால் நடுவில் முள்வேலி. அண்ணன் பக்கத்திலிருந்து திங்கட்கிழமை எட்டிப் பார்த்தேன். தம்பி பக்கத்திலிருந்து புதன்கிழமை. இரண்டு நாளும் அதே தண்ணீர்தான் என்னைப் பார்த்திருக்கிறது.

அன்று மதியம் என் பட்டியலில் ஒரு கிணற்றை அடித்தேன். திருத்தினால் பத்தி போய்விடுமோ, சான்றிதழும் போய்விடுமோ என்ற பயம். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் தேர்ச்சி. ஆனால் தப்பான எண் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது. நான்கு மணிக்குப் ‘பதினாறு’ என்று திருத்தினேன். பதினோரு நிமிடத்தில் அதே பயனர் மறுபடி பதினேழாக்கினார். “அச்சுச் சான்று பதினேழு என்கிறது. இன்னொரு முறை மாற்றினால் உங்கள் கணக்கு முடக்கப்படும்.”

பதினைந்து நாள் முடிந்த ஞாயிறன்று ஆசிரியையிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திருநெல்வேலிக்காரர், என் மகளைவிடச் சின்னவர். சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.

“பத்தி நின்னுட்டுல்லா ஐயா? பொறவு என்ன?”

“எண் தப்பும்மா.”

“தப்புன்னு அச்சுல எதுவும் இருக்கா?”

சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒன்பது உறவினர்களில் ஒருவரிடமும் அதைக் காட்ட மனம் வரவில்லை.

மறுநாள் கோயில் தர்மகர்த்தாவிடம் போய், அடுத்த நோட்டீஸில் பதினாறு என்று போட வேண்டும் என்றேன்.

“இன்னா சர்வேயரே, ஊரு பூரா பதினேழுன்னு பெருமையா சொல்லிக்கினு கீது. அடுத்த வருசம் ஒண்ணு கொறஞ்சா, எவன் கம்பெனிக்கு வித்தான்னு அடிச்சிக்குவானுங்க. பேசாம நீயே ஒரு கெணறு வெட்டிடு.”

எங்கே வெட்டலாம் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன்.