கரிசலாங்கண்ணிப் பாத்தி

செம்பாக்கம் ஏரிக்கரையில் தன்னார்வலர்கள் அமைத்துவரும் மூலிகைத் தோட்டத்தில் நிற்கிறேன். செடிகளுக்குத் தூய தமிழில் பெயர்ப்பலகை எழுதித் தருமாறு கேட்டிருந்தார்கள். எழுதிய பலகைகளுடன் தஞ்சையிலிருந்து இன்று காலைதான் தாம்பரம் வந்திறங்கினேன். கடைசிப் பலகையை ஊன்றுவதற்கு முன், அதற்குரிய பாத்தியில் மண்டிக்கிடக்கும் களையைப் பிடுங்கி வரப்பில் குவிக்கிறேன்.

குடத்துடன் வருகிறார் செல்வி. அருகிலுள்ள குடியிருப்பில் வீட்டுவேலை செய்பவர். இப்பாத்தி அவர் பொறுப்பு.

"ஐயோ, இன்னா சார் பண்ணி வச்சிருக்கீங்க? ஒரு மாசமா தண்ணி சொமந்து வளத்துக்கினு கீறேன்!"

"களையென்று நினைத்துவிட்டேன், அம்மா."

"களையா? உங்க கையில கீற பலகைய படிங்க சார்."

கரிசலாங்கண்ணி. அதற்குக் கையாந்தகரை என்றொரு பெயருண்டு என்பதையும் அடியில் எழுதியிருக்கிறேன். செடியைத்தான் கண்டறியேன்.

செல்வி குனிந்து வேர்களைப் புரட்டிப் பார்க்கிறார். "பாதி பொழைக்கும். வெயில் ஏறதுக்குள்ள நட்டுடணும். பலகைய ஓரமா வச்சிட்டு குடத்தப் புடிங்க."

அவர் ஒவ்வொன்றாக நட, நான் தலைநிமிராமல் நீர் வார்க்கிறேன்.

பலகையின் கீழ்மூலையில், எழுதியவன் என்று என் பெயரையும் சிற்றெழுத்தில் பொறித்திருக்கிறேன். செல்வி அதை ஊன்ற எடுக்குமுன், அந்தப் பெயரின்மேல் ஈரமண்ணை அப்புகிறேன்.