பிரேக் எச்சரிக்கையை அணைத்துக் கொடுத்தோம்

1. போன்

காலை எட்டு ஐம்பதுக்குப் போன் வந்தது. சர்வீஸ் சென்டரின் ஷட்டரைத் தூக்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பேசியவர் ரெஜினா டீச்சர். குஜிலியம்பாறைப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை. தினமும் திண்டுக்கல்லிலிருந்து தன் காரிலேயே போய் வருவார். அதே பள்ளியின் கணக்கு டீச்சர் சாந்தியும் கூடப் போவார்.

"சார், பிரேக்க மிதிச்சேன், கடைசி வரைக்கும் உள்ள போயிருச்சு. வண்டி ஓடைக்குள்ள கெடக்கு. சாந்திக்குத் தோள்கிட்ட எலும்பு ஒடிஞ்சிருச்சு." குரல் உயரவில்லை. "மூணு வாரத்துக்கு முன்னாடி நீங்கதான் எல்லாம் சரியா இருக்குன்னு குடுத்தீங்க."

கொடுத்தது நான்தான். அப்போது அந்த சென்டரில் பதினோரு வருடமாக சர்வீஸ் அட்வைசர். வாடிக்கையாளர் சொல்லும் குறையைக் கேட்டு ஜாப் கார்டில் எழுதுவது, மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுப்பது, முடிந்ததும் வண்டியை ஒப்படைப்பது. மூன்றுக்கும் கையெழுத்து என்னுடையது.

2. மூன்று ஜாப் கார்டுகள்

எங்கள் சென்டரில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியை ஒப்படைக்கும் முன் என்ஜினை ஓடவிட்டு மீட்டரைப் போட்டோ எடுக்க வேண்டும். அதை வாடிக்கையாளருக்கும் தலைமை அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்ப வேண்டும். போட்டோவில் சிவப்போ மஞ்சளோ எந்த லைட்டும் எரியக்கூடாது. வேலை ஒழுங்காக நடக்கட்டும் என்று கொண்டுவந்த விதி இது. ஆறே மாதத்தில் மெக்கானிக்குகள் போட்டோவுக்காக வேலை செய்யத் தொடங்கினார்கள். நானும் போட்டோவுக்காகத்தான் அவர்களை விரட்டினேன்.

ரெஜினா டீச்சர் முதல் முறை வந்தபோது மீட்டரில் சிவப்பு வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி எரிந்தது. பக்கத்தில் 'பிரேக் சிஸ்டத்தைச் சரிபார்க்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பானெட்டைத் திறந்தோம். பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தது. ஆயில் ஊற்றினோம், லைட் அணைந்தது, போட்டோ போனது.

இங்கேயே தவறு நடந்துவிட்டது. மற்றதெல்லாம் அதன் தொடர்ச்சி. பிரேக் ஆயில் மூடிய குழாய்களுக்குள் இருப்பது. அது தானாகக் குறைவதற்கு இரண்டே காரணம்தான். பிரேக் பேடு தேய்ந்திருந்தால் மட்டம் மெல்ல மெல்ல இறங்கும். இல்லையென்றால் எங்கோ கசிகிறது. அவர் வண்டியில் பேடு பாதிக்கு மேல் இருந்தது. அளந்தவர் எங்கள் சீனியர் மெக்கானிக் செல்வம். அளவு கார்டில் இருக்கிறது. அப்படியானால் கசிவு என்று அந்தக் கார்டே சொல்கிறது. யாரும் படிக்கவில்லை.

ஒரு மாதத்தில் லைட் மறுபடி எரிந்தது. மறுபடி ஊற்றினோம். தரையில் சொட்டு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இல்லை. பின் சக்கர டிரம்முக்குள் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்தால் தரையில் சொட்டாது. டிரம்முக்குள்ளேயே தூசியோடு குழைந்து சேறாகக் கிடக்கும். பார்க்க வேண்டுமென்றால் நான்கு சக்கரத்தையும் கழற்றி, பின்னால் டிரம்மைத் திறக்க வேண்டும். ஒன்றரை மணி நேர வேலை. வேலை மேடை எல்லாம் நிரம்பியிருந்தது. ஆயில் மட்டத்தைக் காட்டும் சென்சார்தான் பொய் சொல்கிறது என்று டீச்சரிடம் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த இரண்டே வாரத்தில் மூன்றாம் முறை. இந்தத் தடவை டீச்சர் என்னை வண்டிக்கு அழைத்துப்போய் ஆயில் டப்பாவைக் காட்டினார். நாங்கள் ஊற்றிக் கொடுத்த அன்றைக்கே மார்க்கரால் அதில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். ஆயில் அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது.

"சென்சார் பொய் சொல்லுதுன்னு போன தடவை சொன்னீங்க. சரி, பொய் சொல்லுதுன்னே வச்சுக்குவோம். ஆயில் எங்க சார் போச்சு? நானா குடிச்சேன்?"

மேனேஜர் பிரகாஷிடம் போய், சக்கரங்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சென்சாரை மாற்ற ஆர்டர் போடச் சொன்னார், வண்டியை மதியத்துக்குள் வெளியே அனுப்பச் சொன்னார். நான் திரும்பி வந்து செல்வத்திடம், "பன்னெண்டு மணிக்குப் போட்டோ எடுக்கணும்" என்றேன். கார்டில் 'சென்சார் கம்ப்ளெயிண்ட். சரி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு லைட் எரியவில்லை. என்ன செய்தாய் என்று செல்வத்திடம் நான் கேட்கவில்லை.

3. கனெக்டர்

விபத்தான வண்டி பதினோரு மணிக்கு லாரியில் வந்து இறங்கியது. பானெட்டை நானே திறந்தேன். ஆயில் டப்பாவுக்குள் இரண்டு அறை உண்டு, ஒவ்வொன்றும் இரண்டு சக்கரங்களுக்கு. ஒன்று வறண்டிருந்தது. சென்சாருக்குப் போகும் கனெக்டர் கழற்றப்பட்டு, ஒயரோடு சேர்த்து பிளாஸ்டிக் கேபிள் டையால் ஒழுங்காகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்த மாடலில் கனெக்டரைக் கழற்றினால் லைட் எரியாது. ஆயில் முழுக்கத் தீர்ந்தாலும் எரியாது. குறைந்தது பத்து நாள் எரிந்திருக்க வேண்டிய எச்சரிக்கை அது.

செல்வத்தைக் கூப்பிட்டேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாய், பன்னெண்டு மணிக்குப் போட்டோ வேணும்னு வந்து நின்னது யாரு? நீங்க வெளக்க அமத்தச் சொன்னீங்க, நான் அமத்துனேன். கசிவப் பாருன்னு கார்டுல எழுதியிருந்தா பாத்திருப்பேன்ல."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

அதற்குள் பிரகாஷ் வந்துவிட்டார். இரண்டு மணிக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிறார் என்றார். ஆஸ்பத்திரியில் சாந்தி டீச்சரின் கணவர், ரெஜினா கண்ணுமண்ணு தெரியாமல் ஓட்டினார் என்று போலீசில் புகார் எழுதிக்கொண்டிருக்கிறாராம். அதைச் சொல்லும்போது பிரகாஷின் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"பாய், அந்தக் கனெக்டர மாட்டி விட்டுருங்க. லைட் எரிஞ்சும் அந்தம்மா ஓட்டியிருக்காங்கன்னு ஆயிரும். நம்ம பக்கம் சுத்தம்."

இரண்டு விநாடி வேலை. விரலால் அழுத்தினால் டக்கென்று மாட்டிக்கொள்ளும். மாட்டிவிட்டால், மூன்று முறை வந்து, கோடு போட்டுக் காட்டி, கேள்வி கேட்ட அந்த அம்மா, எச்சரிக்கையை மதிக்காமல் ஓட்டித் தோழியின் எலும்பை ஒடித்தவர் ஆகிவிடுவார்.

நான் பானெட்டை மூடவில்லை. டீச்சருக்குப் போன் செய்து உடனே வரச் சொன்னேன். நெற்றியில் பிளாஸ்திரியோடு ஆட்டோவில் வந்தார். கனெக்டரைக் காட்டினேன். பிறகு அவர் முன்னாலேயே இடது பின் சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். செல்வம் டிரம்மைத் திறந்தார். டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும் பிரேக் ஷூ கறுப்புச் சேற்றில் ஊறிக் கிடந்தது. அந்தச் சக்கரத்தோடு ஒரே அறையில் இணைந்த வலது முன் சக்கரத்துக்கும் பிரேக் போயிருக்கிறது. முன்னால் இடது சக்கரம் மட்டும் பிடித்ததில் வண்டி இடது பக்கம் இழுத்து ஓடைக்குப் போயிருக்கிறது. இதை நான் சொல்லி முடிக்கும்வரை டீச்சர் டிரம்மைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது கார்டுல இருக்கிறது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமா டீச்சர்."

"அப்ப இதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எழுதினேன். கனெக்டர் எங்கள் சென்டரில் கழற்றப்பட்டது, மூன்று முறை வந்தும் கசிவு தேடப்படவில்லை, மூன்றாவது கார்டில் நான் எழுதியது பொய். சர்வேயர் அதை இரண்டு முறை படித்தார். பிரகாஷ் என் பக்கமே திரும்பவில்லை. மாலையில் என் மேசையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. ரெஜினா டீச்சர் மேல் கொடுத்த புகார் நிற்கவில்லை. அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

4. இந்த வேலைக்கு வருபவர்களுக்கு

இப்போது பேகம்பூரில் சிறிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். "லைட்ட மட்டும் அமத்திக் குடுங்க பாய், அவசரமாப் போகணும்" என்று இன்றைக்கும் வாரம் ஒருவராவது வருகிறார். சாவியைத் திருப்பிக் கொடுத்து, வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுகிறேன். கோபமாகத்தான் சொல்கிறேன்.

சிவப்பு லைட் எரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் முழுக்க இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதற்கும் அதே லைட்தான். இறங்கியிருந்தால் ஆயில் மட்டம் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுவதற்கு முன் பேடை அளந்து, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எழுதுங்கள். பேடு நன்றாக இருந்தால் நான்கு சக்கரமும் கழற்றப்பட வேண்டும், டிரம் திறக்கப்பட வேண்டும், பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர்வரை குழாயைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். அதுவரை அந்த வண்டி நகரக் கூடாது. மேனேஜர் அவசரப்படுத்தினால், அனுப்பச் சொன்னது யார் என்று அவர் பெயரையே கார்டில் எழுதுங்கள். நான் அன்றைக்கு அதைச் செய்யவில்லை.

சாந்தி டீச்சர் மூன்று மாதத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பினார். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. கணக்கு டீச்சர் அவர். கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதுகிறார். பின் பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதிக்கொள்கிறார்கள்.