பாதி சீப்பும் ஒரு வாழைத்தாரும்

பிரிட்டோ சீப்பை இரண்டாக ஒடித்து, பாதியைப் பைக்குள் போட்டார். சோப்பைத் தையல் நூலால் அறுத்து அதிலும் பாதி. வேட்டியை அடுக்களைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்து வெளியே வைத்தார். வேட்டியிலேயே துவட்டிக்கொள்ளலாமாம்.

"தலையில இருக்கறதே பாதி முடிதான். பாதி சீப்பு தாராளமா போதும்ங்க" என்றார் மனைவி அக்னஸ், சிரிக்காமல்.

தில்லை நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர், வருஷத்துக்கு ஒரு தடவை பூண்டி மாதா கோயிலுக்குச் சைக்கிளில் போய் ஓர் இரவு தங்கி வருவார். அதற்குத்தான் இத்தனை கூத்து. சைக்கிள், அவர் காலேஜ் நாளில் வாங்கிய ரேஸ் சைக்கிள். ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பார், விரல் தடிமனில் டயர். கேரியர் மாட்ட ஒரு ஓட்டைகூடக் கிடையாது. பழைய ட்யூபைச் சுற்றி, கிளாம்ப் போட்டு முறுக்கி, ஒரு கேரியரை ஒப்பேற்றியிருக்கிறார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் காத்தான் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "சார், பின்சக்கரத்துக் கம்பியெல்லாம் வயசானது. ஒண்ணு நீங்க உக்காருங்க, இல்ல மூட்டைய உக்கார வைங்க. ரெண்டு பேரையும் தாங்காது."

போகும்போது கொண்டுபோகிற மூட்டையால் ஆபத்தே இல்லை. ஆபத்தெல்லாம் திரும்பி வரும் வழியில், உத்தமர்சீலியில் இருக்கிறது. அங்கேதான் பிரிட்டோவின் அக்கா அமிர்தம் வீடு. தம்பியை வெறுங்கையோடு அனுப்பினால் அக்காவுக்குச் சோறு இறங்காது. போன வருஷம் ஒரு பலாப்பழம். ஸ்ரீரங்கம் வரை வந்து, ராஜகோபுரத்துக்கு எதிரே 'டங்'கென்று கம்பி அறுந்து சக்கரம் கோணிக்கொண்டது. லோடு ஆட்டோவோடு அக்னஸ் போய்ச் சேர்வதற்குள், போகிற வருகிறவர்கள் எல்லாம் பழம் என்ன விலை என்று கேட்டுவிட்டார்கள். ஒருவர், சுளையாகக் கிடைக்குமா என்றாராம்.

அன்றைக்கே அக்னஸ் சொல்லிவிட்டார்: "இன்னொரு தரம் லோடு ஆட்டோ எடுத்துட்டு வான்னு போன் வந்துச்சு, மறுநாளே சைக்கிள பழைய இரும்புக்குப் போட்டுருவேன். மாதா மேல சத்தியம்."

அதனால் இந்த வருஷம் பிரிட்டோ பயிற்சி எடுத்துக்கொண்டார். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, "வேணாங்க்கா, எடம் இல்லக்கா" என்று சொல்லிப் பார்த்தார். கண்ணாடியில் இருந்தவர் நம்பினார்.

பூண்டியிலிருந்து அவர் திரும்ப வேண்டிய நாள் மத்தியானம், அமிர்தத்திடமிருந்து அக்னஸுக்கு போன். "ஒரே ஒரு சின்னத் தாருதான் கட்டிவிட்டேன் அக்னஸு. வேணாம்னு என்னமோ முணுமுணுத்தான், நான் காதுல வாங்கல. ஏறி உக்காருடான்னா உக்காராம தள்ளிக்கிட்டே போறான். அவனுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

அக்னஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தவர் வெயிலைப் பார்த்தார். உத்தமர்சீலி என்ன பக்கத்துத் தெருவா? இந்த வெயிலில் காவிரிப் பாலத்தை நடந்து கடக்க முடிகிற வயசா? போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் ஆட்டோவோடு போய்த் தொலையலாம், மனுஷன் கூப்பிடவில்லை. தானாகக் கூப்பிட இவருக்கும் ரோஷம் விடவில்லை.

சாயங்காலம், கொத்தமல்லி வாங்குகிற சாக்கில் தெருமுனைத் தள்ளுவண்டி மறைவில் போய் நின்றார். ஒரு கட்டு கொத்தமல்லிக்கு அரை மணி நேரம். கடைசியில் வந்தார் பிரிட்டோ. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்க, கேரியரில் தாரை ஏற்றி, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி தள்ளிக்கொண்டு வந்தார். முனையில் நின்று முகத்தைத் துடைத்தார். பாதி சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். அப்புறம் ஏறி உட்கார்ந்து, மணியடித்துக்கொண்டே தெருவுக்குள் மிதித்தார். பின்சக்கரம் முனகியது.

அக்னஸ் சட்டென்று தள்ளுவண்டிப் பக்கம் முகத்தைத் திருப்பி, கையிலிருந்த கொத்தமல்லிக் கட்டோடேயே சிலுவை போட்டுக்கொண்டார்.